பதினோராம் நம்பர் மிஷினின் தேய்மானம்

“அந்தத் தையல் சங்கத்துல மட்டும் போய்ச் சேந்துறாதடி, அங்க மிஷினெல்லாம் வருசா வருசம் சிறுத்துக்கிட்டே வருது” என்று டவுன் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மற்றவள் மடியிலிருந்த கீரைக்கட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு, “எதுதான் சிறுக்கல, கடையில இட்லி சிறுக்கலயா, சோப்பு சிறுக்கலயா” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, இரண்டு பேரும் யாருடைய மருமகளையோ வையத் தொடங்கினார்கள். நான் அன்றைக்கு அந்தச் சங்கத்தில்தான் கணக்கு எழுதும் வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பி, என்ன விஷயம் என்று கேட்டிருக்கலாம். பி.காம் படித்த மூன்று வருடமும் வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்காதவள் பஸ்ஸில் கேட்டுவிடவா போகிறேன்; ஜன்னல் வழியே கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கொம்படிமேடு மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் நடந்தது இவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் முடிந்து சித்திரை வெயில் ஏறத் தொடங்கும்போது தணிக்கையாளர் நல்லபெருமாள் சார் தோல்பையோடு வருவார், சங்கத்தின் சொத்துகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து டிக் அடிப்பார், பிறகு உட்கார்ந்து மிஷினுக்கு நூற்றுக்குப் பதினைந்து, மேஜை நாற்காலிக்குப் பத்து, கட்டடத்துக்கு ஐந்து என்று தேய்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுவார், மூடிய பேனா பைக்குள் போய் அவருக்கு டீ வருவதற்குள் மிஷினும் மேஜையும் கட்டடமும் அவர் எழுதிய அளவுக்குச் சிறுத்துவிடும். சத்தம் எதுவும் கேட்காது. அடுப்பிலிருந்து இறக்கிய பொங்கல் பானைக்குள் அமர்வதுபோல எல்லாம் கொஞ்சம் உள்வாங்கி அமரும். மற்ற ஊர்ச் சங்கங்களிலும் இதே சார்தான் இதே பேனாவால் இதே தேய்மானத்தை எழுதினார். அங்கெல்லாம் மேஜை மேஜையாகவே இருந்தது. ஏன் இங்கே மட்டும் என்று ஆரம்பத்தில் இரண்டொருவர் கேட்டார்களாம். சார் ஒரு வருடம் பேனாவை மாற்றிப் பார்த்தார், ஒரு வருடம் பென்சிலால் எழுதிப் பார்த்தார், பிறகு பென்ஷன் வாங்கப்போகிற நேரத்தில் தனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று விட்டுவிட்டார்.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும், வெட்டிய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும், மூட்டை மட்டும் சிறுக்கவே சிறுக்காது. எரிச்சல்படத்தான் எல்லோருக்கும் நேரம் இருந்தது. வாசல் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டதால் தபால்காரர் உள்ளே வர மறுத்து ஜன்னல் வழியே கடிதங்களை எறிந்துவிட்டுப் போனார், உள்ளே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது, உத்தரத்தில் மின்விசிறி திருவிழாவில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஓடுகிற காற்றாடி அளவுக்கு ஆகி ஒரு ஈயைக்கூட விரட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தது. செயலாளர் தில்லைநாயகி மேடத்தின் நாற்காலி பால்வாடிப் பிள்ளைகளின் நாற்காலியைவிடக் கொஞ்சம் சிறியது. அதில்தான் அவர் உட்கார்ந்தார். “பாய் விரிச்சு உக்காருங்களேன் மேடம்” என்றால், செயலாளர் தரையில் உட்கார்ந்தால் சங்கத்தின் கௌரவம் என்ன ஆவது என்பார். முழங்கால் இரண்டும் காதைத் தொட அவர் கோப்புகளில் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க எனக்கே கால் வலிக்கும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்பது விதி. அதனால் கட்டடம் சிறுக்கச் சிறுக்க அதைச் சுற்றியிருந்த இடம் அகலமாகிக்கொண்டே வந்தது, அதில் உறுப்பினர்கள் கத்தரியும் வெண்டையும் போட்டார்கள், போட்டதை யார் பறிப்பது என்று சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்கக் கூட்டம் போட்டால் கூட்டத்துக்கு உட்கார உள்ளே இடம் இல்லை.

மிஷின்கள்தான் எல்லாவற்றையும்விடச் சிறுத்திருந்தன, அவற்றின் விகிதம் அதிகம் என்பதால். முதலில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள், பிறகு தரையில் சம்மணம் போட்டார்கள், பிறகு மிஷினை மடியில் வைத்தார்கள், பிறகு உள்ளங்கையில். ஈர்க்குச்சி முனையால் சக்கரத்தைச் சுற்றி, சுண்டுவிரல் நகத்தால் பெடலை அழுத்தி, நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கிக் கோர்த்து, பள்ளிக்கூடச் சட்டையை எறும்பு இழுத்துப்போகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தைத்தார்கள். டவுனிலிருந்து ஒரு கண்ணாடிக்கடைக்காரர் வியாழக்கிழமைதோறும் பூதக்கண்ணாடிகளோடு வந்து சங்கத்து வேலியோரம் குடை விரித்தார். பூக்கட்டும் பெண்களுக்கு விரல் வேகமாக ஓடும் என்பதால் அவர்களைச் சங்கத்தில் சேர்க்கப் போட்டி நடந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள், பாடத் தெரியுமா சமைக்கத் தெரியுமா என்பதையெல்லாம் விட்டுவிட்டு விரலை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள், மெலிந்த விரலுள்ள பெண்களுக்கு நல்ல இடம் அமைந்தது, தடித்த விரலுள்ள பெண்களின் அம்மாக்கள் சங்கத்துக்கு வந்து சண்டை போட்டார்கள். பக்கத்து ஊர்த் தலைமை ஆசிரியர் ஒருவரும் சண்டைக்கு வந்தார்: தையல் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் சட்டை கிழிவதே இல்லையாம், பையன்கள் அடித்துக்கொண்டு இழுத்தால் சட்டை நிற்கிறது, பையன்தான் கிழிகிறானாம்.

அந்தத் தையலில் பூரணத்தாயின் தையலைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். பூரணத்தக்கா என்று நாங்கள் கூப்பிடும் அவள் பதினோராம் நம்பர் மிஷின்காரி. சங்கத்துக்கு வருவதற்கு முன்னால் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். ஒரு மத்தியானம் மருந்து அறை வெடித்ததில் அவளோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இல்லாமல் போக, வலது கையில் முழங்கையிலிருந்து தோள்வரை உருகின மெழுகு மாதிரித் தழும்போடு இவள் மட்டும் எழுந்து வந்தாள். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் சொன்னதுதான் அவள் வாழ்க்கையில் கத்திச் சொன்ன ஒரே வாக்கியம் என்பாள் அவளோடு சங்கத்தில் தைக்கும் ஜைத்தூனக்கா. மிஷின் சிறுக்கச் சிறுக்கப் பூரணத்தக்காவின் கை அதோடு சேர்ந்து பழகிக்கொண்டது. டவுனில் கல்யாண ஜவுளிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், அவள் தைத்த சட்டையைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி நூல் கண்ணுக்கே தெரியாமல் ரவிக்கை தைத்துத் தந்தால் வருடம் முழுக்க வேலை தருகிறேன் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். பெரிய மிஷினில் அப்படித் தைக்க வராது. இந்த மிஷினோ சங்கத்தின் சொத்து, சங்கத்துக்கு வெளியே ஒரு தையல்கூடப் போடக் கூடாது.

அதற்குள் பழைய மிஷின்கள் ஒவ்வொன்றாக முடிவுக்கு வந்துகொண்டிருந்தன. தேய்மானத்தில் எந்தப் பொருளும் சூனியம் ஆகாது. மதிப்பு மிகவும் குறைந்துவிட்டால் பொருள் இருக்கிறது என்பது மறந்துபோகாமல் இருப்பதற்காக ஒரு ரூபாய் என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். போன வருடம் மூன்றாம் நம்பருக்கு அப்படி ஒரு ரூபாய் எழுதினார்கள். அது கடுகளவு ஆகிவிட்டது. எண்ணெய்ப் புட்டியின் மூடியில் வைத்து அதைப் பத்திரமாக அலமாரிக்குள் வைத்தோம், மூச்சு பட்டால் பறந்துவிடும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் தும்மக் கூடாது. அந்த மிஷினில் தைத்த செல்லப்பாக்கியத்துக்கு வேறு மிஷின் இல்லை. ஒரு பருவம் முழுக்கத் தைக்கத் துணி வாங்காத உறுப்பினரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று விதி, எடுத்துவிட்டார்கள். அவள் இப்போது காலை ஆறு மணிக்குப் பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போகிறாள். சங்கத்தைக் கடக்கும்போது எங்களைப் பார்க்காமல் மறுபக்கம் பார்ப்பாள்.

இந்த வருடம் பதினோராம் நம்பரின் முறை. நெல்லிக்காய் அளவு இருந்தது.

யாரும் சும்மா இருக்கவில்லை. இருந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். எனக்கு முந்தைய கணக்கெழுத்தர் காலத்தில், எழுதினால்தானே சிறுக்கிறது என்று, சார் மருத்துவ விடுப்பில் இருந்த ஒரு வருடம் தேய்மானமே எழுதாமல் மேடம் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். மிஷின்கள் அப்படியே இருக்க, ஊரே வந்து பார்த்து இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் சார் அந்தக் குறையைக் கண்டுபிடித்து இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுத, தைத்துக்கொண்டிருந்தவர்களின் கைக்கடியிலேயே மிஷின்கள் சட்டென்று இறங்கி நாலைந்து பேர் விரலில் ஊசி ஏறியது. இன்னொரு வருடம், பார்த்து டிக் அடித்தால்தானே எழுதுவார் என்று எல்லா மிஷினையும் ஒரு முறத்தில் அள்ளி ஜைத்தூனக்கா வீட்டு அரிசிப்பானைக்குள் போட்டு மூடினார்கள். சார் வந்து வெறும் தரையைப் பார்த்தார். “பாக்காத பொருளுக்கு நான் தேய்மானம் எழுத முடியாது, வாஸ்தவம்தான். காணலன்னு எழுதுவேன். காணலன்னு எழுதுனா செயலாளர் போலீஸ்ல புகார் குடுக்கணும்” என்றார். மேடம் அழுத அழுகையில் அரிசிப்பானை அன்றைக்கே திரும்பி வந்தது. பூரணத்தக்கா ஒரு வருடம் தன் கைக்காசில் புது பெல்ட் போட்டு, எண்ணெய் விட்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால் மிஷினுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தாள், இதைச் சேர்த்து மதிப்பைக் கூட்டி எழுதுவார்கள் என்று நம்பி. “பெல்ட்டு போட்டது, எண்ணெய் விட்டது எல்லாம் செலவும்மா, சொத்து ஆகாது” என்று சார் சொல்ல, பளபளவென்று மின்னிக்கொண்டே அது சிறுத்தது.

நான் சேர்ந்த பிறகு மறுமதிப்பீடு என்று ஒன்று உண்டே என்று நினைத்தேன். சொத்தின் இன்றைய மதிப்பைப் புதிதாகக் கணித்து ஏற்றி எழுதலாம், எழுதினால் மிஷின்கள் வளரத்தானே வேண்டும். மூன்று நாள் யோசித்து, மேடத்திடம் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு மனுவாக எழுதி மேஜையில் வைத்தேன். மேடம் படித்துப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார். மாவட்ட அலுவலகம் சென்னைக்கு அனுப்பியது. சென்னையிலிருந்து, மிஷின்கள் சிறுத்துள்ளன என்பதற்கு அவற்றின் அசல் அளவைக் காட்டும் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது. சான்றிதழுக்கு மிஷின் விற்ற கம்பெனிக்கு எழுதினோம். கம்பெனி, அந்த மாடலை இப்போது தயாரிப்பதில்லை என்று ஒரு புது மிஷினின் வண்ணப்படத்தை அனுப்பி வைத்தது. மேடம் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். சுவரில் அதற்கு இடம் போதவில்லை.

தணிக்கை நாளன்று சார் முற்பகலில் வந்து சேர்ந்தார், வாசலில் முட்டிபோட்டு உள்ளே நுழைந்தார், நுழையும்போது வழக்கம்போல முதுகு நிலையில் இடித்தது. “இந்த ஆபீஸுக்கு டூட்டி போடும்போதே எனக்கு இடுப்புப் பட்டைக்கும் சேத்துப் பணம் தரணும்” என்று முனகியபடி பாயில் உட்கார்ந்தார். நான் நீர்மோர் கொடுத்தேன். பெண்கள் தலையைத் தூக்காமல் ஈர்க்குச்சியால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பூரணத்தக்கா கடைசி வரிசையில், ஒரு காக்கி நிக்கரின் பையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒரு சந்தேகம்” என்றாள் ஜைத்தூனக்கா. சங்கத்தில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். “இந்தத் தேய்மானத்தை மொதமொதல்ல கண்டுபிடிச்ச மகராசன் யாரு சார்? பேரைச் சொன்னீகன்னா காலையில எந்திரிச்சதும் வைய வசதியா இருக்கும்.”

“ஒருத்தன் ரெண்டு பேரா இருந்தா நானே வஞ்சிருப்பேன்ம்மா” என்றார் சார், மோரை உறிஞ்சிக்கொண்டு. “வெள்ளைக்காரன் ரயில் விட்டானா, அந்தக் காலத்துலதான் இது நல்லா வேர் புடிச்சுச்சு. எஞ்சினு ஓட ஓடத் தேயும், தண்டவாளம் தேயும். வந்த லாபத்தைப் பூராம் பங்குக்காரனுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டான்னு வை, எஞ்சினு படுத்த அன்னைக்குப் புது எஞ்சினுக்கு எங்க போவான்? அதுனால வருசா வருசம் தேஞ்சது இம்புட்டுன்னு கணக்குப் பண்ண ஆரம்பிச்சான். ஆனா பேரு நம்ம பேருதான். சந்தனக்கட்டை கல்லுல தேயுது, செருப்பு ரோட்டுல தேயுது, உரசிப் பாத்தா தங்கம் தேயுது. வர்றது வருமானம், கட்டுறது கட்டுமானம், செரிக்கிறது செரிமானம். அந்த மாதிரி தேயிறது தேய்மானம்.”

“செரிமானந்தேன் சார் எங்களுக்கு ஆக மாட்டேங்குது” என்றாள் ஜைத்தூனக்கா. “எங்க வாப்பா எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்த மிஷினு வீட்டுல கெடக்கு. இந்தச் சங்கத்தைவிட வயசு கூட. நாலு புள்ளைக்குச் சட்டை தச்சேன், பேரனுக்கும் தச்சாச்சு. ஒரு நகக்கண்ணு சிறுக்கல. ஏன்னா அதுக்கு எழுத ஒரு ஆபீசர் வாரதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது கடைசி வரிசையிலிருந்து பூரணத்தக்கா பேசினாள். அவள் பேசுவது அபூர்வம் என்பதால் ஈர்க்குச்சிகள் நின்றன.

“சந்தனம் தேஞ்சா கல்லுல சாந்தா இருக்கு சார். தங்கம் தேஞ்சாலும் ஆசாரி பட்டறையில பொடியா கெடக்கு, கூட்டி அள்ளிருவாக. எங்க மிஷினு தேஞ்சது எங்க சார் இருக்கு?”

சார் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். “நல்ல கேள்விம்மா. இருக்கணும். தேய்மானம்கிறது கொறைக்கிறதுக்கு இல்ல, எடுத்து வைக்கிறதுக்கு. மிஷினு என்னைக்காவது போயிரும்னு தெரிஞ்சு, அது போறதுக்குள்ள அடுத்த மிஷினுக்கு லாபத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி வைக்கிறது. அதுக்குப் பேருதான் தேய்மான நிதி. கொறைஞ்சது பூராம் அங்கதான் போயிருக்கணும்.”

எல்லாத் தலைகளும் மேடத்தின் பக்கம் திரும்பின. நானும் திரும்பினேன், எனக்கு விடை தெரியும் என்றாலும். மேடம் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து எங்களைப் பார்த்தார்.

“வளைவு கட்டினோமே” என்றார். “மந்திரி வரப்போறாருன்னு. நீங்கதானே எல்லாரும் கை தூக்கினீங்க?”

அது உண்மை. மந்திரி வருகிறார் என்று தேய்மான நிதியை எடுத்து வாசலில் வரவேற்பு வளைவு கட்டினார்கள், மந்திரி வரவில்லை, வளைவும் சொத்துப் பட்டியலில் ஏறி வருடா வருடம் சிறுத்து, இப்போது அதற்குள் தலை இடிக்காமல் போய்வர ஆடுகளால்தான் முடிந்தது. கை தூக்கியவர்கள் அவரவர் மிஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நிதி என்றால் என்னவென்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கேட்கவும் இல்லையே என்று மேடம் பதிலுக்கு முணுமுணுத்தார்.

“அப்ப நாங்க தேஞ்சது?” என்று ஜைத்தூனக்கா விடவில்லை. “கண்ணு போச்சு, கழுத்து போச்சு, இவ முதுகைப் பாருங்க, கேள்விக்குறியாட்டம் வளைஞ்சிருக்கு. மேஜைக்கு எழுதுறீக, காத்தாடிக்கு எழுதுறீக. எங்களுக்கு ஏன் சார் எழுதல?”

“நீங்க சொத்துல வரமாட்டீகம்மா” என்றார் சார். கொஞ்சம் தயங்கினார். “செலவுல வருவீக.”

ஜைத்தூனக்கா ஈர்க்குச்சியை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள்.

சார் எழுந்து, எழ முடியாமல் மறுபடி முட்டிபோட்டு, பையிலிருந்து பட்டியலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தார். அப்போது பூரணத்தக்கா தரையில் நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தாள். மிஷினை உள்ளங்கையில் ஏந்தியிருந்தாள்.

“சார், இது இப்ப என்ன மதிப்பு போட்டிருக்கீக?”

சார் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். ஒரு ரவிக்கைத் துணி வாங்கப் போதாத தொகை.

“அந்த வெலைக்கு எனக்கே குடுத்துருங்க சார். நீங்க எழுதி முடிச்சீகன்னா இது கடுகாயிரும். கடுகுல எப்படித் தைக்க? டவுன்ல அந்தம்மா வேலை வச்சிருக்காக. இது இல்லன்னா நான் அந்த ஆலைக்குத்தான் சார் திரும்பப் போகணும்.” அவள் சேலைத் தலைப்பை விலக்கித் தழும்பைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“தாயி, நான் என்ன பண்ண?” என்றார் சார். அவர் குரலிலும் எரிச்சல்தான் இருந்தது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல். “சங்கத்துச் சொத்தைச் சும்மா தூக்கிக் குடுத்துற முடியாது. மொதல்ல இது உபயோகமில்லன்னு ஒரு கமிட்டி எழுதணும்.”

“கமிட்டி இங்கதானே உக்காந்திருக்கோம்” என்றாள் ஜைத்தூனக்கா.

“உபயோகமில்லன்னு நீங்க எப்படி எழுதுவீங்க? அதுலதான் தச்சுக்கிட்டிருக்காங்களே” என்றார் மேடம். “உபயோகத்துல இருக்கிற பொருளைக் கழிக்க விதி இல்ல.”

“சரி, உபயோகம் இல்லாமப் போன பெறகு எழுதலாமா?”

“எழுதலாம். எழுதிட்டு ஏலம் விடணும். ஏலத்துக்குப் பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும். விளம்பரச் செலவு மிஷின் மதிப்பைவிட அதிகமாகக் கூடாது” என்று சார் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, நாலாவது விரலில் தாமே சலித்துப்போய்க் கையை உதறினார். “அதிகமாகும். அதனால விளம்பரம் குடுக்க முடியாது. அதனால ஏலம் விட முடியாது.”

“ஒரு மனு எழுதிப் பார்ப்போமா பூரணத்தாய்?” என்றார் மேடம், உண்மையாகவே உதவும் எண்ணத்தோடு. “பி.காம், நீ நல்லா எழுதுவியே.”

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பட்டியல் கசங்கியது. பூரணத்தக்கா என்னைப் பார்த்தாள், மனு வேண்டாம் என்பதுபோல ஒருமுறை தலையை அசைத்தாள், மறுபடி தரையில் நகர்ந்து தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

சார் டிக் அடிக்கத் தொடங்கினார். நான் நம்பரைப் படிக்க, அவர் ஒவ்வொருத்தியின் முன்னாலும் முட்டிபோட்டு, பூதக்கண்ணாடியை வைத்து, மிஷினின் பக்கவாட்டில் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, “சரி” என்று சொல்லி நகர்ந்தார். கடுகாகிப்போன மூன்றாம் நம்பருக்கு எண்ணெய்ப் புட்டி மூடியை எடுத்துக் காட்டினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நாலு, ஐந்து, ஆறு. பூரணத்தக்கா காக்கி நிக்கரின் பையைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நிக்கரை மடித்துத் தைத்தவற்றின் மேல் வைத்தாள். ஏழு, எட்டு. மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றினாள், கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசியைத் தலைப்பின் ஓரத்தில் குத்திக்கொண்டாள். ஒன்பது. ஜைத்தூனக்கா, “சார், இங்க பாருங்க, என் மிஷினு நம்பரு சரியாத் தெரியல, இன்னொருக்கா நல்லாப் பாருங்க” என்றாள். சார் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பத்து.

“பதினொண்ணு” என்று நான் படித்தேன்.

சார் முட்டிபோட்டபடி திரும்பினார். பூரணத்தக்காவின் முன்னால் வெறும் பாய் இருந்தது.

“எங்கம்மா பதினொண்ணு?”

பூரணத்தக்கா தூக்குவாளியின் மூடியை அழுத்தினாள்.

“பூரணத்தாய், மிஷின் எங்க? உன்னைத்தான் கேக்குறாரு” என்றார் மேடம். “காணலன்னு எழுதிருவாரும்மா. நான் ஸ்டேஷனுக்குப் போகணும்மா. வாயைத் தொறந்து சொல்லேன்!”

பூரணத்தக்கா வாயைத் திறக்கவில்லை. இடது கன்னம் வெற்றிலை அடக்கியதுபோலப் புடைத்திருக்க, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, குனிந்து வாசலைத் தாண்டி, கத்தரிச்செடிகளுக்கு நடுவே நடந்து வேலியோரம் கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, டவுன் ரோட்டில் இறங்கிப் போனாள்.